மேல யாரும் இல்ல

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. "காபிக் கடையில் ஒருவர் சொன்னது" என்று தொடங்கித் தப்பிக்கப் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. நடந்தபோது நான் ரெஸ்கிக்கு ஒரு முழம் தள்ளி, கையில் காகிதத்தோடு நின்றிருந்தேன்.

அணைக்கட்டு வேலைக்காகக் கடல் தாண்டி இந்தக் கபீலிய மலைக்கு வந்தவன் நான். இங்கேயே பெண் எடுத்து, இருபத்திரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும். கதை, இந்த ஊரின் பன்றி வேட்டையை நடத்தும் ரெஸ்கியுடையது.

(போதாது என்று பின்னால் தெரியவரும். இருக்கட்டும்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "வேட்டைக்கு மூன்று நாள் இருந்தபோது ரெஸ்கி துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான்."

வேண்டாம். துப்பாக்கியைக் காட்டினால் எப்போது வெடிக்கும் என்று காத்திருப்பீர்கள். இந்தக் கதையில் அது முந்தின வருஷமே வெடித்துவிட்டது.

வேறு மாதிரி தொடங்குகிறேன். போன வருஷம் கார்த்திகைக் குளிர் மாதிரி ஒரு குளிரில்... இல்லை, அது என் ஊர்க் குளிர். இப்படி: எல்லாம் தயாராக இருந்தது. தோட்டாக்கள் வந்துவிட்டன. வனத்துறைக் கடிதத்தில் முத்திரை விழுந்துவிட்டது. ஆரஞ்சு நிற மேல்சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். யார் எங்கே நிற்பது, யார் சத்தம் போட்டுக் கலைப்பது என்ற திட்டத்தை ரெஸ்கி, எப்போதும் போல, பழைய காலண்டரின் பின்பக்கம் வரைந்துவிட்டான். பன்றிகள் பார்லி வயலை உழுதுபோட்டிருந்தன.

நாய்கள்தான் இல்லை. ஓடை முட்புதருக்குள் நுழைந்து பன்றியை வெளியே தள்ளும் நாய்கள் ஊரில் நான்குதான். நான்கும் பெலாயிதுடையவை. பெலாயித் ரெஸ்கியின் தங்கை தசாதித்தின் கணவன். ஒரு வருஷமாக அவனிடம் ஊரில் யாரும் பேசுவதில்லை.

3

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டினால் அழகாக எழுத ஆரம்பித்துவிடுவேன்.

முந்தின வருஷ வேட்டையன்று காலை காற்று திசை மாறியது. ரெஸ்கி போனை எடுத்து, மேட்டில் நின்ற பெலாயிதை ஓடைப் பக்கம் இறங்கச் சொன்னான். பெலாயித் கேட்டான்: "எனக்கு மேல யாராச்சும் நிக்கிறாங்களா மச்சான்?"

"மேல யாரும் இல்ல. வந்தா சுடு."

திட்டத்தின் பிரதி என் கையில் இருந்தது. ஓடைக்கு மேலே வளைவில் ஒரு பெயர் எழுதியிருந்தது: மெஸியான். ரெஸ்கியின் தம்பி. நான் பார்த்தேன். ரெஸ்கி அவன் இடத்தை மாற்றியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெஸ்கி மாற்றவில்லை, மறந்துவிட்டான். பெலாயித் சுட்டதில் மெஸியானுக்கு வலது கண் போயிற்று.

போலீஸ் வந்தபோது ரெஸ்கி போன் பேச்சைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெலாயிதும் திறக்கவில்லை. நானும்தான். இடம் மாறி நின்று கண்மூடித்தனமாகச் சுட்டவன் என்ற பெயர் பெலாயிதுக்கு வந்தது. அவன் துப்பாக்கியையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

4

(இந்தப் பகுதியைத் தசாதித் என் மனைவியிடம் அழுதுகொண்டே சொன்னாள். சொற்களில் நான் கை வைக்கவில்லை.)

நாய் கேட்கப் போன ரெஸ்கிக்குத் தசாதித்தான் கதவைத் திறந்தாள்.

"வழி தெரிஞ்சுதாண்ணே? மறந்திருப்பேன்னுல்ல நெனச்சேன்."

"மச்சான் இருக்காரா?"

"இருக்காரு. வேற எங்க போவாரு? ரொட்டி வாங்கப் போனாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிறானுங்க."

பெலாயித் கொல்லையில் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து நாய்களுக்கு வைத்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"நாய்தானே வேணும்?"

"ஆமா மச்சான்."

"தர்றேன். ஒண்ணு மட்டும் பண்ணு. கூட்டத்துல, மெஸியான் முன்னாடி, அன்னைக்குப் போன்ல நீ என்ன சொன்னேங்கிறதச் சொல்லு. மன்னிப்பெல்லாம் வேணாம். அதை மட்டும் சொல்லு."

"நீயே ஏன் மச்சான் இத்தனை நாளா சொல்லல?"

"எம் பொண்டாட்டியோட அண்ணனப் போலீஸ்ல காட்டிக்கொடுக்கவா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன். மொத வாரம் பூரா இருந்தேன். அப்புறம் நோன்பு வந்துச்சு. சரி, நோன்புலயாவது சொல்லுவான்னு இருந்தேன்."

ரெஸ்கி கீழே விழுந்திருந்த ரொட்டித் துண்டை எடுத்து ஒரு நாயின் முன்னால் போட்டான். பிறகு, "சொல்றேன். சத்தியமா சொல்றேன்" என்றான்.

முதல் பிரதியில் அவன் பொய்ச் சத்தியம் செய்ததாக எழுதியிருந்தேன். அது நியாயமில்லை. அங்கிருந்து நேரே என் கடைக்குத்தான் வந்தான். பிரதி எடுக்கத் திட்டத்தை நீட்டினான். "நாளைக்குச் சொல்லிடப் போறேன். நீயும் கூட இரு. நான் திணறினா நீ எடுத்துக் குடு" என்றான். சரி என்றேன். ஒரு வருஷமாக அவன் மார்பில் கிடந்த கல்லை எங்கே இறக்குவது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது போல, போகும்போது தெருமுனையில் யாரையோ பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். அவன் உண்மையாகத்தான் சொன்னான். கெட்டவனாக எழுதிவிட்டால் எனக்கு எவ்வளவு சுலபம்!

5

மறுநாள் மதியம் காபிக் கடையில் பதினாலு பேர். திட்டம் மேஜையில் விரிந்திருந்தது. நாலு மூலையிலும் காபித் தம்ளர். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெஸியான் வந்தான். இனி சுட முடியாது என்பதால் கொம்பு ஊதும் வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள்.

பெலாயித் நாய்களை வெளியே மரத்தில் கட்டிவிட்டு உள்ளே வந்தான்.

"இவன் எதுக்கு வந்திருக்கான்?" என்றான் மெஸியான். "அண்ணே, உன்னத்தான் கேக்குறேன். இன்னொரு கண்ணு மிச்சம் இருக்குன்னா?"

யாரோ சிரித்தார்கள். பெலாயித் ரெஸ்கியையே பார்த்தான். எல்லோரும் ரெஸ்கியைப் பார்த்தார்கள்.

ரெஸ்கி எழுந்து, "தம்பி, அன்னைக்கு நான்தான்...

ரெஸ்கி தம்பியின் தோளில் கை வைத்து...

ரெஸ்கியின் தொண்டை...

இப்படி எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன். நடந்தது இது: ரெஸ்கி வாயைத் திறந்தான், மூடினான். பிறகு காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நாய்க்காகத்தான் கூப்பிட்டேன். விட்டுட்டுப் போயிடுவான்."

பெலாயித் இப்போது என்னைப் பார்த்தான். அன்று காலை ரெஸ்கி பக்கத்தில் யார் நின்றது என்று அவனுக்குத் தெரியும். நான் என் கையிலிருந்த பிரதிகளின் ஓரத்தை மேஜையில் தட்டி ஒழுங்குபடுத்தினேன். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

அவன் வெளியே போய்க் கயிறுகளை அவிழ்த்துவந்து மெஸியானின் கையிலேயே கொடுத்தான்.

"கறுப்புப் பொட்டைக்கு முன்னங்கால்ல முள்ளு ஏறியிருக்கு. பாறை மேல ஓட விடாத."

அவ்வளவுதான் பேசினான்.

6

வேட்டை நடந்தது. ஐந்து பன்றிகள். இங்கே அதை யாரும் தின்பதில்லை. பள்ளத்தில் இழுத்துப் போட்டார்கள். ஒரு மாதத்தில் பெலாயித் வீட்டைப் பூட்டிக்கொண்டு, மனைவியையும் நாய்களையும் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டான். வண்டி ஏறும்போது தசாதித் அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ரெஸ்கி அதற்குப் பிறகு காபிக் கடையில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

முடிவுகள் வைத்திருக்கிறேன். ரெஸ்கி ஒருநாள் பஸ் பிடித்துப் போய்ப் பெலாயித் காலில் விழுவது ஒன்று. மெஸியானுக்கே எப்படியோ தெரிந்துபோவது ஒன்று. இரண்டிலும் நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று யாராவது கேட்டால், தாய்மொழி என்று சொல்லலாம். இந்த மலையில் ஒருவருக்கும் அது படிக்கத் தெரியாது என்பதுதான் நிஜம்.

இதோ, மெஸியான் கடைக்கு வந்திருக்கிறான். இந்த வருஷத் திட்டத்துக்குப் பதினாலு பிரதி வேண்டுமாம். மெஷின் ஓடுகிறது. அவன் என் தாள்களை ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்க்கிறான்.

"என்ன எழுதுற?"

"ஊருக்கு."

"எங்களப் பத்தியுமா? நல்லதா எழுதுய்யா."

எட்டுப் பிரதி வந்துவிட்டது. ஒன்பது. பதினாலு விழுந்ததும் அவன் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அதற்குள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது அவன் மொழியில், என் நாக்கில், தயாராக இருக்கிறது. சொன்னேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் என்னைப் பார்த்திருக்கிறீர்கள்.