நாலாயிரம் பேரில் ஒரு ஓட்டுநர்

மேல் தாடைக்கான பதினான்கு பற்களையும் மெழுகில் நட்டு முடித்ததும், பல் செட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். காலையிலிருந்து இது எட்டாவது முறை. பல் மருத்துவமனையின் பின்பக்கம், மாடிப்படிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருந்த சின்ன அறை அவருடையது. அங்கே ஆட்கள் வருவதில்லை, அவர்களுடைய வாயின் அச்சு மட்டும் ஒரு நம்பரோடு வரும். இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறார், ஒருவர் சிரித்தும் அவர் பார்த்ததில்லை. பேச்சுத் துணைக்கு ஒரு பழைய மின்விசிறி இருந்தது. அதுவும் மூன்றாம் நம்பரில் வைத்தால்தான் பேசும்.

இந்தத் தனிமைக்கு மருந்தாக மூன்று வருடத்துக்கு முன் அவருக்குக் கிடைத்ததுதான் மின்லாரி. சின்ன வயதிலிருந்தே டீசல் வாடை பட்டால் அவருக்குக் குமட்டும். புகையும் சத்தமும் இல்லாமல் முப்பது டன்னை இழுத்துக்கொண்டு போகும் லாரியை ஒரு நாள் காணொளியில் பார்த்தார். அன்றே மனசைப் பறிகொடுத்துவிட்டார். அதைச் செய்யும் கம்பெனியின் பங்குகளை, சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதாமாதம் கொஞ்சம் வாங்கத் தொடங்கினார். வாங்கியது கையளவு, அதைப் பற்றிப் பேசியது மலையளவு.

பேசுவதற்கு இடமும் கிடைத்தது. கைபேசியில் 'சத்தமில்லாப் பாரம்' என்று மின்லாரி ரசிகர்களின் குழு ஒன்று இருந்தது. அதில் நாலாயிரம் பேர். ஜவுளிக்கடைக்காரர், கணக்கு வாத்தியார், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று எல்லோரும் அந்தக் கம்பெனியில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைத்திருந்தவர்கள். பேட்டரியின் எடை எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே பல் செட்டுக்காரரின் பெயர் 'வோல்ட்டு'. குழுவின் இரண்டு அட்மின்களில் அவர் ஒருவர். வீட்டில் எந்தக் கலரில் திரைச்சீலை வாங்குவது என்றுகூட அவரை யாரும் கேட்பதில்லை. குழுவில் அவர் ஒரு வணக்கம் போட்டால் முந்நூறு வணக்கம் திரும்பி வந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

ஆசைப்பட்டு வாங்கிய பங்கு ஆளைப் படுத்தும் பாடு தனி. விலை இறங்கினால் வயிறு எரியும். எரிகிற வயிற்றோடு இருக்கும்போது யாராவது ஒரு சந்தேகம் கேட்டால், விலையை இறக்கியவனே அவன்தான் என்று தோன்றும். சந்தேகம் கேட்பவர்களுக்கு அந்தக் குழுவில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: 'புகை'. "இது புகைப்பா" என்று ஒருவர் சொன்னால் போதும், அட்மின் அந்த ஆளை நீக்கிவிட்டு 'ஜன்னல் திறந்தாச்சு' என்று எழுதுவார். உடனே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். டீசல் கட்சிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்கள் குழுவில் மின்லாரிக்கு 'பொம்மை வண்டி' என்று பெயர். அங்கேயும் இதே கூத்துதான்.

பல் செட்டுக்காரர் அந்த வார்த்தையைக் குழுவோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன், தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அதைச் சொந்த அண்ணனிடமே சொன்னார். அண்ணன் லாரி ஓட்டுநர். முப்பது வருடமாக டீசல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர்.

"லோடோட மேடு ஏறினா உன் வண்டி எவ்வளவு தூரம்டா போகும்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார் அண்ணன்.

"நீங்கல்லாம் புகைண்ணா. உங்க காலம் முடிஞ்சிடுச்சு. உங்ககிட்ட பேசி என்ன ஆகப்போகுது?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனால் கை கழுவ எழுந்து போனவர் திரும்பி வந்து உட்காரவில்லை. அதுவரை தினமும் காலை ஏழரை மணிக்கு, வண்டியை எடுப்பதற்கு முன்னால் தம்பிக்கு ஒரு போன் போடுவார். "கிளம்பப் போறேன்டா" என்பார். இரண்டு நிமிடம் பேசுவார்கள், அதில் விஷயம் என்று ஒன்றும் இருக்காது. மறுநாளிலிருந்து அந்த போன் வரவில்லை. முதல் வாரம் தம்பிக்கு என்னவோ போலிருந்தது. அவர் கூப்பிடட்டும் என்று இவரும், இவர் கூப்பிடட்டும் என்று அவரும் இருந்தார்கள். அப்புறம் அந்த ஏழரை மணியையும் தம்பி குழுவுக்குக் கொடுத்துவிட்டார்.

போன மாதம் குழுவில் 'மேடு' என்ற பெயரில் ஒருவர் சேர்ந்தார். நிறைய எழுத்துப் பிழைகளோடு, ஆனால் நிதானமாக எழுதுவார். பல் செட்டுக்காரர் எட்டாவது முறையாகக் கைபேசியை எடுத்த அன்று மதியம் அவர் எழுதியிருந்தது, பிழைகளைத் திருத்திப் படித்தால், இது:

"முப்பது டன் லோடு. பெரிய மேடு ஏறினதுல சார்ஜ் எண்பதுல இருந்து முப்பத்தொண்ணுக்கு வந்துடுச்சு. இறக்கத்துல ஒன்பது திரும்பி ஏறிச்சு. பிரேக் சூடே ஆகல, அது பெரிய விஷயம். ஆனா சார்ஜ் போடுற இடமெல்லாம் காருக்குக் கட்டினது. பின்னாடி டிரெய்லரைக் கழட்டி ரோட்டோரமா போட்டாத்தான் வண்டி உள்ள போகுது. இதுக்கு என்ன வழின்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க."

நியாயமான கேள்வி. ஆனால் பாருங்கள், அன்றைக்குப் பார்த்து பங்கு விலை இறங்கியிருந்தது. இன்னொரு அட்மினான 'மின்னல்' பாய்ந்து வந்தார். "முப்பத்தொண்ணாம்ல! டீசல் கம்பெனி அனுப்பின ஆளு. நெடி தாங்கல, வோல்ட்டு!" அவருக்குக் கீழே 'புகை', 'புகை' என்று வரிசை நீண்டுகொண்டே போனது.

பல் செட்டுக்காரருக்கு உள்ளுக்குள் நெருடியது. பொய் சொல்ல வந்தவன் பிரேக் சூடாகவில்லை என்று நல்லதையும் சேர்த்து எதற்குச் சொல்கிறான்? எண்பது, முப்பத்தொன்று, ஒன்பது என்பதெல்லாம் பார்த்து எழுதிய கணக்கு மாதிரி இருந்தது. ஆனால் நாலாயிரம் பேர் அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆதாரம் இருக்கா?" என்று முறுக்கிக்கொண்டு கேட்டார்.

"நான் குறை சொல்லலப்பா. நல்ல வண்டிதான். பார்த்ததைச் சொன்னேன். இதைப் பத்திப் பேசினா நீ பேசுவேன்னு நினைச்சேன்" என்று பதில் வந்தது.

கடைசி வரி அவருக்குப் புரியவில்லை. ஒருமையில் வேறு பேசுகிறான் என்று கோபம் வந்தது. ஆளை நீக்கிவிட்டு 'ஜன்னல் திறந்தாச்சு' என்று போட்டார். நாற்பத்து மூன்று கைதட்டல்கள் விழுந்தன. அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுக் கீழ்த் தாடைப் பற்களை எடுத்து வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் அவரும் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மின்னல் ஒரு காணொளி அனுப்பினார். 'நம்ம வண்டி ரோட்டுக்கு வந்தாச்சு!' ஏதோ ஒரு சரக்குக் கம்பெனி மூன்று மின்லாரிகளை வாங்கி ஓட்டத் தொடங்கியிருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். வெள்ளை லாரியின் கதவு திறந்தது. சீருடையோடு, படியில் கால் வைத்து மெதுவாக இறங்கியவர் அண்ணன்.

இரண்டு வருடத்தில் தலை முழுக்க வெளுத்திருந்தது. இறங்கும்போது ஒரு கால் லேசாக இழுத்தது. மைக்கைப் பார்த்துக் கூச்சத்தோடு சொன்னார்: "மேட்டுல எண்பதுல இருந்து முப்பத்தொண்ணுங்க. இறக்கத்துல ஒன்பது திரும்பி வரும்."

எடுத்த கவளம் பல் செட்டுக்காரரின் வாய்க்குப் போகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவர் அந்த வண்டிக்கு மாறி மூணு மாசமாச்சு. அந்தக் குழுவுல அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்ப சொல்றது? நான் வாயைத் திறந்தா 'ஒரு நிமிஷம்'னு கையைக் காட்டுறீங்க. அந்த ஒரு நிமிஷம் மூணு வருஷமா முடியல." அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவருக்கு என்னவோ செய்தது. "உங்க அண்ணன் என்கிட்ட கேட்டாரு, 'அவன் யார்கிட்டதான்மா பேசுறான்'னு. அங்க மட்டும்தான் பேசுவாரு, பேசணும்னா அங்க போங்கன்னு சொன்னேன். எழுதத் தெரியாதுன்னு கூச்சப்பட்டாரு. நான்தான் எழுதச் சொன்னேன். அங்கயும் வெளிய தள்ளிட்டீங்களாமே?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழுவில் அந்தக் காணொளிக்குக் கைதட்டல்கள் குவிந்துகொண்டிருந்தன. 'ஓட்டுநருக்கு ஒரு சல்யூட்' என்று மின்னல் எழுதியிருந்தார். பல் செட்டுக்காரர் உறுப்பினர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தார். நாலாயிரம் பேரில் மின்லாரியை நிஜமாக ஓட்டுகிறவர் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார், அவரையும் நாமே கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறோம் என்பது உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, அங்கே போய் என்ன பேசுவது என்றே அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்தார். அண்ணன் காலை பதினோரு மணிக்கு எங்கே சார்ஜ் போடுவார் என்று மனைவி சொல்லியிருந்தாள். கிடங்குகளுக்குப் பின்னால், கார்கள் நிற்கும் ஒரு முற்றம். டிரெய்லர் தனியாக ரோட்டோரம் கிடந்தது. லாரியின் தலை மட்டும் உள்ளே நுழைந்து சார்ஜ் கம்பியோடு நின்றது. அண்ணன் பக்கத்தில் நடைமேடை விளிம்பில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாடா" என்றார், போன வாரம்தான் பார்த்தது மாதிரி. "இன்னும் நாற்பது நிமிஷம் ஆகும். உட்காரு."

லாரியைப் பற்றி நாள் முழுக்கப் பேசக்கூடியவருக்கு வேறு பேச்சு தெரியவில்லை. "அண்ணா, அந்த இறக்கத்துல ஒன்பது வருதே, அது..." என்று தொடங்கினார்.

"வண்டி கிடக்கட்டும். பொண்ணு எப்படி இருக்கா?"

மகள் வேலை கிடைத்து வெளியூர் போய் நாலு மாதமாகிறது. அவளோடு கடைசியாக எப்போது பேசினோம் என்று அவருக்கு நினைவு வரவில்லை. "நல்லா இருக்கா" என்று ஒரு ஊகத்தில் சொன்னார். அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாதி டீயை மூடியில் ஊற்றி நீட்டினார்.

"இந்த வண்டி சுகம்தான்டா. இடுப்பு வலி பாதி குறைஞ்சிடுச்சு. ஆனா டீசல் வண்டி சத்தத்துல வேற எதுவும் தெரியாது. இதுல உட்கார்ந்தா எல்லாம் கேக்குது. போன் அடிக்காம இருக்கறதுகூட கேக்குது."

"நீங்களாவது கூப்பிட்டிருக்கலாமேண்ணா."

"கூப்பிட்டு? உங்ககிட்ட பேசி என்ன ஆகப்போகுதுன்னு நீதானே கேட்ட. எனக்கும் பதில் தெரியல."

பல் செட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. டீ சூடு என்கிற மாதிரி மூடியை ஊதிக்கொண்டிருந்தார்.

சார்ஜ் ஏறி முடிந்தது. டிரெய்லரை மறுபடி மாட்ட வேண்டும். "பின்னாடி ஓரமா நின்னு பார்த்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஏறினார். மூன்று வருடமாகத் தலையில் தூக்கிவைத்து ஆடிய லாரியை அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறார் பல் செட்டுக்காரர். படம் எடுக்கத் தோன்றவில்லை. லாரி துளிச் சத்தமில்லாமல் பின்னால் வந்ததில் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார்.

"கொசு ஓட்டாதடா! கண்ணாடியில ஒரு கைதான் தெரியுது. வாயைத் திறந்து சொல்லு!"

"வரலாம்... வரலாம்... இன்னும் கொஞ்சம்... போதும்ணா, போதும்!"

டக்கென்று கொக்கி விழுந்தது. அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் பல் செட்டுக்காரர் கதவுக்குக் கீழே வந்து நின்றார்.

"அண்ணா, குழுவுல உங்களை மறுபடி சேர்த்துடறேன். நாலாயிரம் பேர் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். நீங்கன்னு தெரியாமப் பண்ணிட்டேன்."

அண்ணனின் சிரிப்பு மறைந்தது. "குழு எனக்கு வேணாம்டா. நீ வந்தியே, எனக்கு அது போதும். ஆனா நான்னு தெரியாமப் பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லாத. வேற எவனோன்னா தள்ளலாமா? அவன் யாருக்கும் அண்ணன் இல்லையா?"

பல் செட்டுக்காரர் குழுவைத் திறக்க எடுத்த கைபேசியைத் திரும்பப் பையில் வைத்தார்.

"டீசலோ கரண்டோ, எந்தப் பக்கம் வேணா நில்லுடா. பணம் போடு, கைதட்டு, அது உன் இஷ்டம். ஆனா சந்தேகம் கேட்டவனையெல்லாம் எதிரின்னு வெளிய தள்ளினா, உன்கிட்ட உண்மையைச் சொல்ல ஒருத்தனும் மிஞ்ச மாட்டான். நாலாயிரம் பேரும் ஆமாம் போடுற இடத்துல நீ தனியாத்தான்டா இருக்க."