ஒரே காசுக்கு இரண்டு நடை

என் வீட்டுக்காரர் குணாளன் எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன். சுவா பக்கத்து எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு நீலாயில் வாடகை ஃபிளாட்டுக்குப் போகிறோம் என்று முடிவானதும் மற்றவர்கள் நல்ல நாள் பார்ப்பார்கள், இவர் மலிவான லோரி பார்த்தார். யார் என்ன விலை சொன்னாலும், "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?" என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் கோழிக்கூண்டு ஏற்றும் லோரியோடு நல்லசாமி வந்து மாட்டினான்.

"நாறுதேங்க" என்றேன்.

"கழுவிக்கலாம்லா" என்றார்.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. மாவு. நீலாயில் மீரா சாஹிப் கடைக்கு அன்றிலிருந்து தோசை மாவு கொடுப்பதாகப் பேச்சு. ஆறு மணிக்குள் மாவு கடைக்குப் போய்ச் சேரவேண்டும், இரவு முழுக்கப் புளித்தால்தான் காலையில் தோசை. "மொத நாளே லேட்டானா வேற ஆளப் பாத்துக்குவேன்மா" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னார். அதை நம்பித்தான் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலையை விட்டேன்.

அலமாரி, கட்டில், துணிமூட்டை ஏறியதுமே லோரி நிறைந்துவிட்டது. என்னுடைய பெரிய கிரைண்டரும், அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்த வாளிகளும் மிச்சம். என்னவர் ஓட்டுநர் ஜன்னலில் கையை ஊன்றி, "நல்லசாமி, மிச்சத்துக்கு இன்னொரு நடை, அதே காசுலதான்லா?" என்று கேட்டார்.

இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. "சரிண்ணே, போயிட்டு வரேன்!" என்று கத்திவிட்டு அவன் கிளம்பினான்.

"பாத்தியா? ஒரே காசுக்கு ரெண்டு நடை" என்றார் என்னவர். பழம் நழுவிப் பாலில் விழுந்த முகம். மோட்டார் சைக்கிளில் ஏறி லோரியின் பின்னாலேயே போய்விட்டார்.

நான் காத்திருந்தேன். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கூட்டிய வீட்டையே மறுபடி கூட்டினேன். முச்சந்தி வரை போய்ப் பார்த்தேன், திரும்பி வந்தேன், வந்ததும் லோரி சத்தம் கேட்ட மாதிரி இருந்து மறுபடி ஓடினேன். அது தண்ணீர் லோரி. வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உளுந்து ஊறியது போதும், இந்த வெயிலில் இன்னும் ஊறினால் வாடை வந்துவிடும்.

என்னவருக்குப் போன் போட்டேன்.

"அவன் சாமான எறக்கிட்டு எப்பவோ கெளம்பிட்டானே! இங்கயும் போயிட்டு வரேன்னுதானே சொன்னான்."

நல்லசாமிக்கு அடித்தேன், ஐந்தாறு முறைக்குப் பிறகுதான் எடுத்தான். பின்னால் ஒரே கோழிக் கூச்சல்.

"நான் ரஹாங்ல இருக்கேன்க்கா. இன்னொரு நடையா? எவன் சொன்னது?"

"நீதானடா சொன்ன, போயிட்டு வரேன்னு!"

"ஐயோ அக்கா, வீடு மாத்துற எடத்துல போறேன்னா சொல்லுவாங்க? அபசகுனம்லா. அண்ணன் கேட்டது இன்ஜின் சத்தத்துல என் காதுலயே விழல."

சனியனே என்று திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது? நானும் அவனும் அதையே சொல்லித்தானே வளர்ந்தோம்.

அழுகைதான் வந்தது. அழுதால் மாவு ஆடுமா? இருக்கும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மோட்டாரோடு வரும்படி என்னவரிடம் சொன்னேன். கிரைண்டரை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்ச் செருகிவிட்டேன். நல்ல வேளை, கரண்டை இன்னும் வெட்டவில்லை. உளுந்து பொங்கி வரும் நேரத்தில் வீட்டுச் சாவி வாங்க எஸ்டேட் கங்காணி மண்டோர் வந்து நின்றார்.

"என்னம்மா, காலி பண்ணச் சொன்னா ஆட்டிக்கிட்டு இருக்க?"

"ஆடுற கல்ல நிறுத்தக்கூடாது, அரிசியும் முடியட்டும்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிகரெட் பற்ற வைக்க வெளியே போனார்.

என்னவர் வந்தபோது மாவு இரண்டு மூடி வாளிகளில் தயாராக இருந்தது. ஒன்றை மோட்டாரின் முன்னால் காலிடையில் வைத்தோம், மற்றதைப் பின்சீட்டில் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டினோம். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"அப்ப நா எங்க ஒக்கார்றது?"

"கிரைண்டர் பக்கத்துல" என்று மோட்டார் சாவியைப் பிடுங்கினேன். "வீட்டப் பூட்டப்போறாங்க, ரோட்டுக்குத் தள்ளுங்க. லோரி கெடச்சா ஏறி வாங்க. கெடைக்கலன்னா அங்கேயே குடும்பம் நடத்துங்க!"

வழியெல்லாம் மனுஷனைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் கையை நீட்டி மூடியைத் தொட்டுப் பார்த்தேன்.

கடையில் விளக்குப் போட்டிருந்தார்கள். மீரா சாஹிப் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஆறாக இன்னும் சில நிமிடம் இருந்தது. மூடியைத் திறந்தார், விரலால் தொட்டு நசுக்கிப் பார்த்தார். "நைஸா இருக்கு. நாளைக்கும் இதே அளவு கொண்டாந்துரும்மா" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது போன் அடித்தது. காற்று இரைச்சலில் அவர் குரல்.

"நீலா, மாவு சேந்துருச்சா?"

"சேந்துருச்சு. நீங்க எங்க?"

"லோரி கெடச்சிருச்சு. பின்னால கிரைண்டரக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வந்துகிட்டிருக்கேன்."

"எவ்வளவு கேட்டான்?"

"நா கேக்கல. ஏத்துன்னு மட்டும் சொன்னேன்."

எனக்குத் தாலி வாங்கிய கடையிலேயே பேரம் பேசிய மனுஷன். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த திட்டில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.