மேல்பாதி அண்ணிக்கு, கீழ்பாதி நாத்தனாருக்கு

டீச்சருக்குக் கண்ணில் பட்டதற்கெல்லாம் சீட்டு ஒட்டும் பழக்கம். வெள்ளிக்கிழமை மாலை ஓவிய முகாம் வீட்டின் பெரிய அறைக்குள் அவள் நுழைந்த அரை மணி நேரத்தில் பசை டப்பா, வெள்ளைப் பூச்சு டப்பா, தூரிகை கழுவும் வாளி எல்லாவற்றிலும் சீட்டு ஏறிவிட்டது. பெயர், தேதி, திறந்த நேரம். மூன்று வருடமாகத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தற்காலிக உதவியாளராக இருப்பவள் வேறெப்படி இருப்பாள்?

சீட்டு ஒட்டாமல் விட்டது ஒரே ஒரு மஞ்சள் கவரில்.

அதற்குள் அவளுடைய பட்டச் சான்றிதழ் இருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அதே கூடத்தில், நிரந்தர வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் யாரும் வர வேண்டாம் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். மதிப்பெண் பட்டியல்கள் பிளாஸ்டிக் கோப்புக்குள் அடங்கிவிட்டன. பட்டம் மட்டும் கோப்பைவிட இரண்டு விரல் அகலம். மடிக்க மனம் வராமல் மஞ்சள் கவரில் போட்டுக்கொண்டாள். முகாமிலிருந்து நேரே பஸ் ஏறிப் போய்விடலாம் என்பது அவள் கணக்கு.

முகாமை நடத்துவது அவளுடைய அத்தை. வழக்கமாகக் கலப்பு ஊடக ஓவியம் சொல்லித் தருகிறவர் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொள்ள, அத்தைக்கு மருமகள் நினைவு வந்தது.

"வீட்டுல தனியா உக்காந்து காகிதம், துணி, நூல்னு எதையாவது ஒட்டிக்கிட்டுதானே இருக்க? அதையே இங்க வந்து எட்டு பேர் முன்னாடி ஒட்டு."

"எனக்குப் பேச வராது அத்தை."

"பேசவா கூப்பிடறேன்? ஒட்டத்தானே கூப்பிடறேன்."

பேச வராதவளுக்கு அத்தையை மறுத்துப் பேச மட்டும் வந்துவிடுமா? வந்து சேர்ந்தாள். வகுப்புக்காக மூன்று மஞ்சள் கவர் நிறையப் பழைய காகிதங்கள் கொண்டுவந்திருந்தாள்: கிழிந்த வரைபடம், தையல் அளவுத்தாள், காலாவதியான நாள்காட்டி. "மேஜை மேல இருக்கற மஞ்சள் கவரையெல்லாம் அந்தப் பெட்டியில கொட்டிடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். போகிற போக்கில் கைப்பையை இறக்கி, நாலாவது கவரையும் அதே மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அத்தை சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவள். எல்லாவற்றையும் கொட்டினாள்.

சனிக்கிழமை காலை எட்டு பேரும் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். ஆளுக்கு ஒரு பலகை. "என் வீட்டில் ஓர் அறை" என்பது தலைப்பு. முதலில் வெள்ளைப் பூச்சு, அது காய இருபது நிமிடம். பிறகு காகிதம், அதன்மேல் பசை. பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன்மேல் வண்ணம், நூல், பொத்தான், எது வேண்டுமானாலும்.

"ரெண்டே விதிதான். ஒண்ணு, காகிதத்தைக் கத்திரிக்கக் கூடாது, கையால கிழிக்கணும். பயப்படாம கிழிங்க. ரெண்டு, ஒட்டினா ஒட்டினதுதான். பிடிக்கலைன்னு உரிக்கக் கூடாது. அதுக்கு மேல இன்னொண்ணு போடுங்க."

முதல் விதியைக் கேட்டதும் எட்டு பேரில் ஒருத்தி, நாத்தனார், பெருமூச்சு விட்டாள். "நல்ல விதி டீச்சர். சில பேரு துணி வெட்டற கத்திரியை எடுத்துக் காகிதம் வெட்டுவாங்க. அவங்களுக்கெல்லாம் இந்த மாதிரி யாராவது சொல்லிக் கொடுத்தாத் தேவலை."

பக்கத்து நாற்காலியில் இருந்த அவளுடைய அண்ணி தலையைத் திருப்பவில்லை. "டீச்சர், ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பால் பாக்கெட். அதுவும் காகிதம் இல்ல, பிளாஸ்டிக். தெரியாதவங்களுக்குச் சொல்லிடுங்க."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் புரிந்துவிட்டது. இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள். ஒரே அடுப்பில் சமையல். நாத்தனார் தையல்காரி. அவளுடைய கத்திரியை அண்ணி தொட்ட நாளிலிருந்து, இரண்டு வருடமாக, நேர்ப் பேச்சு கிடையாது. நடுவில் கிடந்து அல்லாடியவர் அண்ணியின் புருஷன், நாத்தனாரின் அண்ணன். உப்பு எங்கே என்பதைக்கூட அவர் வழியாகத்தான் கேட்டார்கள். மனுஷன் பொறுத்துப் பார்த்து, இருவர் பெயரையும் முகாமில் பதிவு செய்து, ஒரே அறை எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் நிம்மதியாக வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய உத்தியோகம் இப்போது டீச்சர் தலையில் விடிந்தது.

"டீச்சர், அந்த நீலத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க."

"தள்ள முடியாதுன்னு சொல்லுங்க டீச்சர். எனக்கு வேலை இருக்கு."

மேஜையின் மறுகோடியில் ஓய்வு பெற்ற பல் டாக்டர். தன் வீட்டு அறை என்று பழைய மருத்துவ அறையையே செய்துகொண்டிருந்தார். சுவருக்குப் பல் எக்ஸ்ரே. காய்ந்த பிறகு பார்த்தால் அது தலைகீழ்.

"டீச்சர், மேல்தாடை கீழ போயிடுச்சு. ஒரே ஒரு நிமிஷம் உரிச்சுத் திருப்பிக்கறேன்."

"ஒட்டினா ஒட்டினதுதான் டாக்டர்."

"நாப்பது வருஷமா வேரோட பிடுங்கின கை இது. அலுங்காம எடுப்பேன்."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள் டீச்சர். இவ்வளவு கண்டிப்பான குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

அந்தப் பிடிப்பில்தான் வினை வந்தது. மாலை அவள் அலமாரிப் பக்கம் திரும்பி, வெள்ளைப் பூச்சில் தண்ணீரை அளவுக்குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் குரல்கள்.

"டீச்சர், அந்தக் கெட்டிக் காகிதத்தைப் பெட்டியில நான்தான் முதல்ல பார்த்தேன்."

"பார்த்தாப் போதுமா டீச்சர்? முதல்ல எடுத்தது யாரு?"

"தங்க முத்திரையெல்லாம் இருக்கு டீச்சர். எனக்கு வேணும்."

பதினாறு, பதினேழு. எண்ணிக்கை தவறிவிடுமே என்று டீச்சர் திரும்பவில்லை. "பாதிப் பாதியாக் கிழிச்சுக்கங்க. பயப்படாம கிழிங்க."

சர்ர் என்று ஒரு சத்தம். நல்ல காகிதம் என்று நினைத்துக்கொண்டாள். பதினெட்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எட்டு பலகைகளும் சுவரோரம் வரிசையாக நின்றன. நாலு மணிக்குப் பார்வையாளர்கள் வருவார்கள். அத்தை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். டாக்டர் எக்ஸ்ரேமேல் ஒரு ஜன்னல் ஒட்டி, கீழே போன மேல்தாடையை மறைத்திருந்தார். நாத்தனாரும் அண்ணியும் ஒரே சமையலறையை ஆளுக்கொன்றாகச் செய்திருந்தார்கள். நாத்தனாரின் கழுவுதொட்டி பிரமாதம். தொட்டிக்கு அடியில் அலமாரி, அதற்குத் தங்கக் குமிழ், மேலே குழாயில் நீலமாகக் கசியும் தண்ணீர்.

"கசிவு ரொம்ப இயல்பா இருக்கு. என்ன மை?"

"நான் ஒண்ணும் பண்ணல டீச்சர். பசை பட்டதும் அதுவாக் கசிஞ்சுது."

அடுத்தது அண்ணியின் பலகை. தரையில் நிற்கும் ஃபிரிட்ஜ். அதன் கதவில் ஏதோ அச்செழுத்து. பசை கண்ணாடி போலக் காய்ந்திருந்ததால் தெளிவாகப் படிக்க முடிந்தது. டீச்சர் குனிந்து படித்தாள். ஃபிரிட்ஜ் கதவில் அவளுடைய முழுப் பெயர் இருந்தது. அதன்கீழ், வேதியியலில் இளநிலைப் பட்டம்.

இரண்டு நாளாக அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவராவது கவனித்திருப்பார்.

அவள் மெல்ல ஒரு அடி பின்வாங்கி, நாத்தனாரின் கழுவுதொட்டியை மறுபடி பார்த்தாள். தலையைக் கவிழ்த்துப் பார்த்தாள். தங்கக் குமிழ், பல்கலைக்கழக முத்திரை. கசியும் தண்ணீர், துணைவேந்தரின் கையெழுத்து.

அவளுடைய வலதுகைக் கட்டைவிரல் நகம் தானாக ஃபிரிட்ஜின் மூலைக்குப் போனது.

"டீச்சர்! நகம்!" என்றார் பல் டாக்டர்.

எட்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அது என்னோட சர்டிபிகேட். நாளைக்குப் பத்து மணிக்கு வேணும். அசல்."

அத்தை ஓடி வந்தாள். விஷயம் புரிந்ததும் இடுப்பில் கைவைத்தாள். "மஞ்சள் கவரையெல்லாம் கொட்டுன்னியே! நான் மூணு கவர்னு எண்ணிக்கிட்டா இருந்தேன்?"

"கிழிக்கச் சொன்னதும் டீச்சர்தான்" என்றாள் அண்ணி, அழுகிற குரலில்.

"பயப்படாமன்னு வேற சொன்னாங்க" என்றாள் நாத்தனார்.

டாக்டர் சட்டைப்பையிலிருந்து மெல்லிய கொக்கி ஒன்றை எடுத்தார். ஓய்வு பெற்றாலும் ஆயுதத்தைக் கீழே வைக்காதவர். "தள்ளுங்க. பத்து நிமிஷம். வலிக்காது."

"வேணாம் டாக்டர்."

"விதிக்காகவா? விதியை நீங்கதானே போட்டீங்க. ஒரு தடவை தளர்த்திக்கலாம். நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். என் தாடையை மட்டும் அப்புறமாத் திருப்பிக்கறேன்."

டீச்சர் தலையசைத்தாள். விதிக்காக இல்லை. இந்தப் பசை ஸ்பிரிட்டில்தான் இளகும். ஸ்பிரிட் பட்டால் கையெழுத்து மை பசைக்கு முன்னால் கரைந்து ஓடும். காய்ந்ததைக் கொக்கியால் நெம்பினால் எழுத்து பசையோடு உரிந்து வரும். இது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அதற்குச் சான்றாகத்தான் அந்தப் பட்டமே கொடுத்திருந்தார்கள்.

"பல்கலைக்கழகத்துல நகல் கேட்டா மூணு மாசம் ஆகும்" என்றாள். "பலகையோடதான் எடுத்துட்டுப் போகணும். ரெண்டு பேரும் தப்பா நினைக்கலைன்னா, ஒரு நாளைக்கு இரவல்…"

அண்ணி பலகையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வாழ்க்கையில முதல் தடவையா ஒண்ணு செஞ்சிருக்கேன். பஸ்ல யாராவது இடிச்சுட்டா? நானே தூக்கிட்டு வரேன்."

"அப்ப நானும் வரேன்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள் நாத்தனார்.

திங்கட்கிழமை காலை, சரிபார்ப்பு அதிகாரியின் மேஜைமுன் மூவரும் நின்றார்கள். அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றி, மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொன்றாக டிக் அடித்தார். "டிகிரி எங்கம்மா?"

டீச்சர் கண்ணைக் காட்டினாள். இரண்டு சமையலறைகள் மேஜைமேல் ஏறின.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "லேமினேஷன் பண்ணக் கூடாதுன்னு கடிதத்திலேயே போட்டிருக்கோமே" என்றார் கடைசியில். வேறு எதைச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

"இது லேமினேஷன் இல்ல சார். கலப்பு ஊடகம்."

நடந்ததை அவள் சொன்னாள். பாதியிலேயே குரல் தேய்ந்து போனது. மீதியை அண்ணியும் நாத்தனாரும் ஆளுக்கொரு வாக்கியமாக அதிகாரியிடம் சொல்லி முடித்தார்கள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பெயர் சரி. பாடம் சரி. முத்திரை சரி. கசிந்தாலும் கையெழுத்து கையெழுத்துதான்.

"பதிவு எண்?"

கிழிசல் சரியாகப் பதிவு எண்ணின் நடுவே போயிருந்தது. எண்களின் தலை ஃபிரிட்ஜின் அடியில். உடம்பு கழுவுதொட்டி அலமாரியில், தலைகீழாக. தலையை மட்டும் பார்த்தால் எது மூன்று, எது எட்டு என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"எண் படிக்க முடியலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. அடுத்த ஆளை வரச் சொல்லு."

மூன்று வருடமும் டீச்சரின் கண்முன் ஓடியது, சீட்டு ஒட்டிய குப்பி குப்பியாக. பிறகு பார்த்தாள்: ஃபிரிட்ஜும் அலமாரியும் தரையில் நிற்பவை. கிழிந்த ஓரம் இரண்டும் பலகைகளின் கீழ்விளிம்பில்தான் இருந்தன.

"ஒரே நிமிஷம் சார். அண்ணி, நீங்க மேல தூக்கிப் பிடிங்க. நீங்க உங்க பலகையைத் தலைகீழாத் திருப்பி, அவங்களோடதுக்குக் கீழ வச்சு ஒட்டிப் பிடிங்க."

அண்ணி தூக்கினாள். நாத்தனார் தன் சமையலறையைக் கவிழ்த்து அடியில் வைத்தாள். விரலகலம் விலகி நின்றது.

"டீச்சர், கொஞ்சம் இடப்பக்கம் வரச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார்.

டீச்சர் அதற்குள் மேஜையைச் சுற்றிக்கொண்டு அதிகாரி பக்கம் போய்விட்டாள். அங்கிருந்து பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செய்தி கொண்டுபோக நடுவில் ஆள் இல்லை.

"எந்த இடப்பக்கம்? உன் இடமா, என் இடமா?" என்றாள் அண்ணி.

டீச்சர் பூதக்கண்ணாடியைத் தாழ்த்தி இருவரையும் பார்த்தாள்.

"உங்க இடம் அண்ணி" என்றாள் நாத்தனார். "இன்னும் கொஞ்சம். போதும் போதும். கை நடுங்குது பாருங்க, காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா இல்லையா?"

"நீ முதல்ல நேராப் பிடி."

தலையும் உடம்பும் சேர்ந்தன. அதிகாரி ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்து, பட்டியலோடு ஒப்பிட்டார். "எட்டு… மூணு… மூணு… ஆறு." பேனாவை எடுத்தார். குறிப்பு என்ற கட்டத்தில் வெகுநேரம் யோசித்து எழுதினார்: அசல் சரிபார்க்கப்பட்டது. இரண்டு பலகைகள்.

"நகல் வந்ததும் கொண்டுவந்து காட்டணும். நீங்க ரெண்டு பேரும் வெளிய உக்காருங்கம்மா. அந்தச் சமையலறையை எடுத்துட்டுப் போங்க."

கதவு மூடிய கையோடு வெளியே குரல்கள் கிளம்பின. கத்திரி, பால் பாக்கெட், சாணைக்காரருக்குக் கொடுத்த கூலி, போன வருஷத்து உப்பு, அதற்கு முந்தின வருஷத்து மூக்குச் சுளிப்பு. இரண்டு வருடமும் ஒன்றுவிடாமல் வந்தது. ஒருத்தி முடிக்குமுன் மற்றவள் தொடங்கினாள். நடைபாதை அதிர்ந்தது.

அதிகாரி தலையைத் தூக்கினார். "என்னம்மா அங்க, சண்டையா?"

"இல்ல சார்" என்றாள் டீச்சர், அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படியாக. "பேசறாங்க."

அவர் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அதன்கீழ், பழக்கதோஷத்தில், தேதியோடு நேரத்தையும் எழுதினாள்.