பழுத்த குரல்

கொரியாவில் எங்கள் பக்கத்துப் பாட்டில் வழுவழுப்பான குரலுக்கு மதிப்பில்லை. பன்சோரி என்ற அந்தக் கதைப்பாட்டைப் பாடுகிறவரின் தொண்டை கிழிந்து, ஆறி, மறுபடி கிழிந்து, கடைசியில் மரப்பட்டை மாதிரி ஆகவேண்டும். அதற்காகத்தான் அருவிக்குப் பக்கத்தில் நின்று கத்துகிறார்கள். ரத்தம் துப்பியவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். என் தங்கை யோன்சிமும் அருவியில் நின்றவள்தான். ஐம்பது வயதைத் தாண்டியும் அவள் குரல் ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவாகவே இருந்தது. அவள் போய் இரண்டு வருடமாகிறது.

நாம்வோனில் அயிரை மீன் சூப் கடை வைத்திருந்த மா சாங்குன் இதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. அவர் ஒரு வரிகூடப் பாடமாட்டார். ஆனால் கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து அவர் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால், பாடியவருக்கு அன்று சோறு இறங்காது.

"உன் தங்கச்சி தொண்டையில தேன் தடவி வச்சிருக்கா," என்பார் என்னிடம், அவள் காதில் விழும்படி. "கல்யாண வீட்டுக்குப் போதும். சாவு வீட்டுக்குப் பத்தாது."

"நீங்க ஒரு வரி பாடிக் காட்டுங்களேன் அண்ணே," என்பாள் யோன்சிம்.

"என் அண்டாவுல இருக்கிற மீனு பாடட்டும், நானும் பாடுறேன்."

அவளும் சிரிப்பாள். வீடு திரும்பும் பஸ்ஸில் மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஒரு வசந்தத்தில் அவள் குரல் கரகரத்தது. வீட்டில் பயிற்சியின்போது முதலில் கேட்டவள் நான். அவளுக்கு எப்போதும் மேளம் வாசித்தவள் நான்தான். மேலே ஏறும் ஓரிடத்தில் குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து வேறொரு குரல் எழுந்து வந்தது.

"அக்கா, கேட்டியா?"

"கேட்டேன். மறுபடி பாடு."

பாடினாள். மறுபடியும் வந்தது. அதைக் கொண்டாட அன்று மாட்டுக்கறி வாங்கிச் சமைத்தோம். கோடை முழுவதும் கரகரப்பு கூடிக்கொண்டே போனது. விழுங்கும்போது வலிக்கிறது என்றாள். வலிக்கத்தானே செய்யும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். தொண்டை வலிக்காத பாடகரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

இலையுதிர் காலத்தில், சாப்பிடும்போது வாயிலிருந்து ரத்தம் வந்த பிறகுதான் குவாங்ஜு நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்ன வயது.

"இத்தனை மாசமா தொண்டை கட்டியிருக்கு. ஏம்மா முன்னாடியே வரல?"

"குரல் நல்லா ஆகிட்டு வருதுன்னு நினைச்சேன்," என்றாள் யோன்சிம்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். எங்களை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. புற்று குரல்வளை முழுவதும் பரவிவிட்டது, குரல்வளையையே எடுக்கவேண்டும், பாட்டு மட்டுமல்ல பேச்சும் போய்விடும் என்றார். அடுத்த வாரமே ஆபரேஷன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாட்டென்றால் உயிரை விடும் பே கிதெக் வீட்டு முற்றத்தில் பாடுவதாக யோன்சிம் எப்போதோ ஒப்புக்கொண்டிருந்தாள்.

"போன் பண்ணி வரலன்னு சொல்லிடவா?"

"நான் பாடுவேன். நீ யார்கிட்டயாவது வாயத் திறந்த, அப்புறம் உன்கிட்ட பேசவே மாட்டேன்."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. முதலில் சிரித்தது அவள்தான்.

கிதெக் வீட்டில் மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. பெர்சிமன் பழ மரத்தடியில் ஒரு பாய், அதன் பின்னால் மடிப்புத் திரை. பாய்க்கு மூன்று பக்கமும் ஜனங்கள், முழங்கால் இடிக்கும் நெருக்கத்தில். கிதெக்கின் மனைவி வெங்காயத்தாள் அடை சுட்டுக் கொண்டுவந்தாள். கிண்ணங்களில் அரிசிக் கள் சுற்றி வந்தது. நல்ல வெயில்.

மேளக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்துத்தான் உட்காரவேண்டும். தாளம் பாதி வேலை. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் 'அப்படித்தான்', 'நல்லாயிருக்கு' என்று குரல் கொடுத்துத் தூக்கிவிடுவது மீதி. கேட்கிறவர்களும் கொடுப்பார்கள். அது இல்லாமல் எங்கள் பாட்டு நிற்காது. பாடகர் நிறுத்தும்வரை மேளம் நிற்கக்கூடாது.

அவள் கதையில் காதலர்கள் பிரியும் பகுதியை எடுத்தாள். இருப்பதிலேயே மெதுவான தாளம். முதல் வரியிலேயே முற்றம் அடங்கிவிட்டது. இரண்டாவது வரியில் பின்னால் யாரோ "ஆகா" என்றார்கள். பிறகு குரல் மேலே ஏறி, அங்கே உடைந்தது. அந்த உடைவு அவள் பிடியில் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை தானாகத் தொண்டையைப் பிடித்தது. ஜனங்கள் அதை அபிநயம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அப்படிப் போடு," என்றார் மா சாங்குன். அவர் அவளுக்குக் குரல் கொடுத்தது அதுதான் முதல்முறை.

உடனே முற்றம் முழுக்கக் கிளம்பிவிட்டது. "இதான் குரலு." "கொன்னுட்டா." ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் இன்னொரு படி மேலே போனாள். கீழே பாடு, கீழே பாடு என்று கண்ணால் சொல்லிப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த மூச்சில் அவள் தடுமாறினாள். குரல் கொடுக்கவேண்டிய இடம் அது. என் முறை.

"நல்லாயிருக்கு," என்றேன்.

பாட்டு முடிந்ததும் மா சாங்குன் கள் கிண்ணத்தோடு நேராக அவளிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"இத்தன வருஷம் இத எங்கடி ஒளிச்சு வச்சிருந்த? என்ன குடிச்ச, கக்கூஸ் தண்ணியா?"

தொண்டைப் புண்ணுக்கு அந்தக் காலத்துப் பாடகர்கள் அதைத்தான் வடிகட்டிக் குடிப்பார்களாம். எல்லோரும் சிரித்தார்கள்.

"குடிச்சேன் அண்ணே," என்றாள். குரல் எழவில்லை, காற்றுத்தான் வந்தது. "உங்க கடை சூப்புன்னு நினைச்சுக் குடிச்சுட்டேன்."

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "வாயப் பாரு. இது இப்பத்தான் பழுக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் மூணு வருஷம் போகட்டும், அப்ப பாரு. வசந்தத்துல என் கடை வாசல்ல பாடுற. இப்பவே சொல்லிட்டேன்."

"வர்றேன் அண்ணே."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அதனால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. மேளத்தைத் துணியில் சுற்றினேன். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். யாரோ தொண்டையில் ஏதோ ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். பிளாஸ்கில் சூப் கொண்டுவந்திருந்தார். அவளுக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம் என்றேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வசந்தத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அன்னைக்கு நான் கேட்டது..."

"அதுதான் அண்ணே."

பிளாஸ்கை முழங்கால்களுக்கு நடுவே வைத்து, அதன் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் கடைசியில். "இப்பவும் காதுலயே நிக்குது. நல்லா இல்லன்னு நினைச்சுப் பாக்குறேன். முடியல."

கதவு திறந்தது. பேஷண்ட் விழித்திருக்கிறார், ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள் நர்ஸ்.

"நீ போ," என்றார்.

"உங்களப் பாத்தா சந்தோஷப்படுவா. நீங்க போங்க."

நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் எழுந்திருக்கவில்லை.