செம்புக் குழாய்க்குப் புளி போட்ட வீடு

திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் முருகப்பனின் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமென்றாலும் ராக்காயி வந்தாக வேண்டும். கிணறு கொல்லையில் இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது குடம். புருஷனைப் பறிகொடுத்த ராக்காயியும் அவளுடைய இரண்டு பெண்களும் சாப்பிட்டது அந்த நாற்பது குடத்தில்தான்.

அறுபத்திரண்டாம் வருஷம் முருகப்பனுக்கு வீட்டுக்குள் குழாய் வைக்கும் ஆசை வந்தது. தண்ணீர் மேல் வந்த ஆசை இல்லை அது. தை மாதம் மகள் மெய்யம்மைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே குழாய் இருந்தது. அதற்கு மேல் ஒரு படி நிற்காவிட்டால் மனுஷனுக்குத் தூக்கம் வருமா?

என்ன குழாய் என்பதில்தான் சண்டை. அவருடைய மனைவி சாலாவின் தம்பி ராமசுப்பிரமணியன் மதராஸில் பிளாஸ்டிக் குழாய் வியாபாரம் செய்தார். ஒரு கறுப்புச் சுருளோடு வந்து இறங்கி, அதை வளைத்துக் காட்டினார், மேலே ஏறி நின்று காட்டினார், துருப் பிடிக்காது, களிம்பு ஏறாது என்று மூன்று வேளை சாப்பாட்டின்போதும் பேசினார். முருகப்பன் மசியவில்லை. பர்மாத் தேக்குக் கதவும் இத்தாலிப் பளிங்கும் உள்ள வீட்டில் இந்தக் கண்றாவி எதற்கு என்று கேட்டார். பினாங்கில் இருந்த தன் கடையிலிருந்து கப்பலில் செம்புக் குழாய் வரவழைத்தார். இத்தனை பேச்சிலும் ராக்காயியிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறார்கள்?

புதுக்கோட்டையிலிருந்து பைப் ஃபிட்டர் நல்லதம்பி வந்தான். மாடித் தொட்டியிலிருந்து அடுப்படிக்கு நேராக இறக்கினால் இருபது அடி போதும் என்றான். நேராக இறக்கினால் யார் பார்ப்பார்கள்? குழாய் முகப்புக்கு வந்து, நடு முற்றமான வளவின் நான்கு பக்கத்தையும் பிரதட்சணம் செய்து, நூற்றைம்பது அடி நடந்த பிறகே அடுப்படிக்குள் நுழைந்தது. சுவருக்குள் பதிக்கவும் கூடாது என்று உத்தரவு. கரண்டு வந்த நேரத்தில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினார்கள். தேங்காய் உடைத்து அடுப்படிக் குழாயைத் திருகினார்கள். தண்ணீர் கொட்டியது.

மறுநாள் காலையிலேயே முருகப்பன் ராக்காயியைக் கூப்பிட்டு, ஒரு புடவையைக் கையில் கொடுத்து, ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டியதில்லை என்றார். பெரிய மனசு, சும்மா அனுப்பவில்லை. புடவையை வாங்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்தவள் திரும்பி நின்றாள்.

"போறேங்கய்யா. ஒண்ணே ஒண்ணு. செம்புக் கொடத்த ஒரு நாளு புளி போட்டு வெளக்காட்டியே களிம்பு ஏறிப்போகுது. இம்புட்டு நீளக் கொழாய்க்கு உள்ளாற யாருங்க புளி போடுறது?"

ஒரு மாதமாவது தள்ளிப்போகட்டும் என்றுதான் கேட்டாள். இத்தனை பலிக்கும் என்று அவளே நினைக்கவில்லை. முருகப்பனின் முகம் வெளுத்துவிட்டது. தினமும் தண்ணீர் ஓடுகிற குழாய்க்குப் புளி வேண்டாம் என்று நல்லதம்பி தலைதலையாக அடித்துக்கொண்டான். பரம்பரையாகச் செம்பு புழங்கும் குடும்பத்துக்கு ஒரு ஃபிட்டர் புத்தி சொல்வதா?

அன்றிலிருந்து முறை வைத்தாயிற்று. விடிந்ததும் ராக்காயி ஒரு படி புளியைக் கரைத்து, குடம் குடமாக மாடிக்குச் சுமந்து தொட்டியில் ஊற்ற வேண்டும். அது குழாய் வழியாக ஓடி முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். பகலில் கரண்டு எட்டிப் பார்க்காத ஊர், அதனால் அலசுகிற தண்ணீரும் இடுப்பில்தான் ஏறியது. எவ்வளவு அலசினாலும் புளிப்பு போகவில்லை. சாலா போட்ட காப்பியெல்லாம் திரிந்தது. நாக்கில் செம்புக் காசைச் சப்பிய ருசி. நாலாம் நாள் சாலா, குடிக்கவும் சமைக்கவும் பழையபடி கிணற்றிலிருந்தே கொண்டுவரச் சொல்லிவிட்டாள். ஆக, அந்த நாற்பது குடம் அப்படியே இருக்க, மாடிக்கு இன்னொரு முப்பது சேர்ந்தது.

மாசக் கடைசியில் ராமசுப்பிரமணியன் மறுபடி வந்தார். அவருடைய குழாயை இளக்காரம் செய்த அத்தான் முருகப்பன், வீம்புக்குக் குழாய்த் தண்ணீரையே குடித்து இரண்டு நாளாக வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தார். இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஒரே நாளில் பிளாஸ்டிக் போட்டுத் தருகிறேன், புளியும் வேண்டாம் ஆளும் வேண்டாம் என்றார். சாலாவும் தம்பி பக்கம் நின்றாள். முருகப்பன் சரி என்று சொல்ல வாயெடுத்தார்.

மாடிப்படியில் குடத்தோடு நின்ற ராக்காயி அதைக் கேட்டாள். இறங்கி வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நல்ல கொழாதாங்கய்யா. கறுப்பா இருக்கு, அம்புட்டுத்தான். கல்யாணத்துக்கு வாரவுக கண்ணு மொதல்ல எங்கிட்டுப் போகும்னு மட்டும் பாத்துக்கங்க."

மகள் கல்யாணம், நல்ல காரியம், வளவு முழுக்கக் கறுப்பு. முருகப்பன் படுத்த படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். செம்பே இருக்கட்டும், இன்னும் ஒரு மூட்டை புளி வாங்கிப் போடு என்று சாலாவுக்கு உத்தரவு போட்டார். தண்ணீர் குடிக்க வைத்த குழாயா, பார்க்க வைத்த குழாயா என்று அந்த வீட்டில் அப்புறம் ஒருவரும் கேட்கவில்லை.

ஊருக்குக் கிளம்பிய ராமசுப்பிரமணியன், எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ராக்காயியைப் பார்த்து நின்றார். அவள் ஒரு கையால் இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தாள். அன்று ஐம்பதாவது குடம். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"ஏன் ராக்காயி, நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இந்நேரம் காலை நீட்டி உக்காந்திருக்கலாமே?"

"உக்காந்திருக்கலாங்கய்யா. உக்காந்தவளுக்கு இந்த வீட்ல யாரு எலை போடுவா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் நடந்தார்.