லெனோர் கடித்த பேரிக்காய்

எவரெட் ஹாகனுக்கு உலகத்தில் பிடிக்காத விஷயங்கள் ஏராளம். புகைப்படத்தைத் திரையில் பெரிதாக்கி, அதன்மேல் கோடு இழுத்துவிட்டு, தத்ரூபம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் ஓவியர்களுக்கு அதில் முதல் இடம். கித்தானைத் தரையில் விரித்து, வாளி வாளியாகச் சாயத்தைக் கொட்டி, 'இது என் குழந்தைப்பருவம்' என்று கண் கலங்கும், அவன் ஸ்டுடியோவின் கீழ்த்தளத்துக்காரர்களுக்கு இரண்டாம் இடம். சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாகப் படம் தேடும் பணக்காரர்களைப் பற்றி யாராவது தெரியாத்தனமாகப் பேச்செடுத்தால், அன்றைக்கு இரவுச் சாப்பாடு ஆறித்தான் போகும்.

கண்ணெதிரே இருப்பதை, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், இருக்கிறபடியே வரைய வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, கதை கட்டவும் கூடாது. இதுதான் அவன் மதம். ஐம்பத்திரண்டு வயதாகியும் அந்த மதத்தில் அவனைத் தவிர வேறு பக்தர் சேரவில்லை. எந்த கேலரியும் அவனைச் சீண்டவில்லை. மினியாபொலிஸின் வடகிழக்கே பழைய மாவுக் கிடங்கு ஒன்றில் அவனுக்கு ஸ்டுடியோ இருந்தது. அதற்கும் வீட்டுக்கும் சேர்த்து உழைத்தவள் அவன் மனைவி ரெனாட்டா. ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

நகரத்தின் பெரிய கேலரி லெனோர் வாண்டர்மீருடையது. அவள் எடுத்துக்கொண்ட ஓவியர்களின் பெயர்கள் அதன் கண்ணாடிக் கதவில் வெள்ளை எழுத்தில் வரிசையாக நிற்கும். அதைக் கல்லறைப் பலகை என்று எத்தனையோ வருஷமாக நக்கலடித்தவன்தான் எவரெட். அந்த லெனோர் போன் செய்து, "உங்க படங்களைப் பாக்க வரலாமா?" என்று கேட்டதும் ஐயா ஓடிப்போய்த் தாடியைத் திருத்திக்கொண்டு வந்தார்.

அவள் வந்தது பிப்ரவரியில். அப்போது அவன் ஒரு பேரிக்காயை வரைந்துகொண்டிருந்தான். ஒரு சாம்பல் துணி, ஓர் ஈயக் குவளை, ஒற்றைப் பேரிக்காய். வேறொன்றும் இல்லை. கடையில் கூடை கூடையாகப் புரட்டிப் பொறுக்கிய காய் அது. காம்புக்குக் கீழே துருப் படிந்த மாதிரி ஒரு தழும்பும் இடது கன்னத்தில் ஒரு குழியும் இருந்தன. அது பழுத்துவிடக் கூடாது என்று ஹீட்டரை அணைத்து, ஜன்னலையும் லேசாகத் திறந்துவைத்து, கோட்டுப் போட்டுக்கொண்டு, விரல்நுனி வெட்டிய கையுறையோடு மூன்று வாரமாக வரைந்துகொண்டிருந்தான். பத்தடி பின்னால் போய்ப் பார்ப்பான். முன்னால் வந்து ஒரே ஒரு தீற்று வைப்பான். மறுபடி பின்னால் போவான். இடது கன்னம் மட்டும் பாக்கி.

"அடேயப்பா, இதென்ன ஸ்டுடியோவா, பிணவறையா?" என்று லெனோர் கைகளைத் தேய்த்துக்கொண்டே நுழைந்தாள்.

"காய் கெடாம இருக்கணும்ல, அதான்."

அவள் சுவரோரம் சாய்த்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். மூச்சு விடுவதற்கு மட்டும் நிறுத்தும் பேச்சு அது.

"உங்ககிட்ட ஒரு மௌனம் இருக்கு எவரெட். பொருள் மேல ஒரு பக்தி. தொடக்கூட பயப்படற மாதிரி ஒரு பக்தி…"

சொல்லிக்கொண்டே மேஜைக்கு வந்தாள். கை தானாகப் போய்ப் பேரிக்காயை எடுத்தது. ஒரு கடி கடித்தாள்.

"இந்தக் காலத்துல யாருகிட்ட இருக்கு அந்த பக்தி?" என்றாள் மென்றுகொண்டே. "நல்லாருக்கே, எங்க வாங்கினீங்க? காலைலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

கடித்த பக்கம் அவனைப் பார்க்கும்படி காயைத் துணிமேல் வைத்தாள். முப்பது வருஷமாகச் சாணை பிடித்துவைத்திருந்த வசவுகள் அத்தனையும் அவன் தொண்டைவரை வந்து முட்டின. அத்தனையையும் விழுங்கிவிட்டு, "பக்கத்துக் கடையிலதான்," என்று பல்லை இளித்தான். அந்த இளிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் கூசும்.

"ஏப்ரல்ல ஒரு கூட்டுக் கண்காட்சி வெக்கறேன். உங்க படம் ஒண்ணு குடுங்க. எடுபட்டா கதவுல உங்க பேரு," என்று சொல்லிவிட்டு லெனோர் கிளம்பிப் போனாள்.

அவன் ரெனாட்டாவுக்கு போன் போட்டான். அழாத குறை.

"ஒரு போட்டோ எடுத்து வெச்சிருக்கலாம்ல?" என்றாள் அவள்.

"போட்டோவா? என்னைப் பாத்தா கேக்கறே?"

"சரி, வேற காய் வாங்கி வெச்சு முடி."

"வேற காய் வேற காய்தான் ரெனாட்டா!"

"அப்ப கடிச்சதையே வரைஞ்சு தொலை. கண்ணு முன்னாடி இருக்கறதத்தான் வரைவேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கறல்ல? இப்ப அதான் இருக்கு. எனக்கு வார்டுல வேலை கெடக்கு, வை போனை."

அவள் குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆனால் அவன் போனை வைத்துவிட்டுக் கடித்த காயின் முன்னால் போய் நின்றான். கடிவாய் அதற்குள் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. கித்தானில் அதுவரை வரைந்திருந்த காயைக் கத்தியால் சுரண்டி எறிந்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்வரை வரைந்தான். கோபம் தூரிகையைப் பிடித்துத் தள்ளியது. சதையின் ஈரம், தோலோரம் ஒட்டிய உதட்டுச்சாயம், ஒரு பல் மட்டும் திரும்பியிருந்ததால் விழுந்த சாய்வான வரப்பு, எல்லாம் அப்படியே வந்தன. வாழ்நாளில் அவன் வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது. அது தெரிந்ததும் எரிச்சல் இன்னும் கூடியது.

ஏப்ரலில் படம் லெனோரின் சுவரில் தொங்கியது. 'பேரிக்காய், குவளை' என்று அவன் வைத்திருந்த பெயரைக் காணோம். 'இழப்பு – 3' என்று ஓர் அட்டை இருந்தது.

"ஒண்ணும் ரெண்டும் எங்க?" என்றாள் ரெனாட்டா.

"அதைத்தான் இழந்துட்டாங்க போல," என்றான் எவரெட். இருவரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அன்றைய மாலையில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

லெனோர் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்தாள். "இந்தக் கடி எவரெட்டோடது. தனிமையில வாடற ஒரு மனுஷனோட பசி. தான் பூஜிக்கற பொருளையே ஒருநாள் தாங்க முடியாம கடிச்சிடறாரு…" தனிமையில் வாடும் மனுஷனின் மனைவி பக்கத்திலேயே சீஸ் தின்றுகொண்டு நின்றாள். கூட்டம் உச்சுக்கொட்டியது. அவர்களுக்கு எதைச் சொன்னாலும் உச்சுக்கொட்டத் தெரியும்.

கூட்டத்தில் டாக்டர் ஓபெர்க் இருந்தார். கோணல் பல்லை நிமிர்த்துகிற டாக்டர். லெனோரிடம் அதிகம் படம் வாங்குகிறவரும் அவர்தான். மூக்கு கித்தானில் இடிக்கும்படி குனிந்து பார்த்தார்.

"இது இவரு கடிச்சதில்ல," என்றார். "சின்ன வாயி. மேல, இடது பக்கம் ரெண்டாவது பல்லு திரும்பியிருக்கு. கீழ நடுவுல சந்து. இந்த வாயை நான் எங்கியோ பாத்திருக்கேன்." நிமிர்ந்தார். "லெனோர், கொஞ்சம் சிரிங்க பாப்போம்."

மொத்தக் கூட்டமும் சிரித்தது. லெனோர் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷம்தான். பிறகு வாயைத் திறந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களே! ரகசியமா வெச்சிருந்தோம். படம் ரொம்ப ஒழுங்கா, உசிரே இல்லாம இருந்துச்சு. அதுக்கு ஒரு காயம் வேணும்னு எனக்குத் தோணிச்சு. யோசிச்சு, இடம் பாத்து, நான்தான் கடிச்சேன். அப்படித்தானே எவரெட்?"

எல்லா முகமும் அவன் பக்கம் திரும்பியது. ரெனாட்டாவும் பார்த்தாள். 'இல்லை, இந்தம்மாவுக்குப் பசி' என்ற பதில் அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒரு வரி. அதைச் சொன்னால் ஓபெர்க் விழுந்து விழுந்து சிரிப்பார். ரெனாட்டா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். லெனோரின் தோளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு தெரிந்தது. கடைசிப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம் இருந்தது.

"ஆமா," என்றான் எவரெட். "லெனோரோட யோசனைதான். நான் வரைஞ்சேன், அவ்வளவுதான்."

கை தட்டினார்கள். ஓபெர்க் வாங்கிக்கொண்டார், அட்டையின் மூலையில் விற்றாயிற்று என்று சிவப்புப் பொட்டு ஏறியது. அந்த அறையில் பொய் சொல்லாத ஒரே பொருள் அந்தப் பேரிக்காய்தான். அதை வரைந்தவனே அதற்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு நின்றான்.

ரெனாட்டா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் உன் படம் ஒண்ணுகூட விலை போகல. அதுக்காக நான் ஒருநாளும் வெக்கப்பட்டதில்ல," என்றாள். "நீ இரு. பேசிட்டு வா. நான் பஸ்ல போயிக்கறேன்."

கதவில் அவன் பெயர் ஏறியது. மே மாதம் லெனோர் ஒரு பை நிறையப் பேரிக்காயோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். இலையுதிர்காலக் கண்காட்சிக்கு ஆறு படம் வேண்டுமாம், 'இழப்பு' நான்கிலிருந்து ஒன்பதுவரை. உதட்டுச்சாயத்தைப் புதிதாகப் பூசிக்கொண்டு முதல் காயைக் கடித்தாள், துணிமேல் வைத்தாள்.

எவரெட் பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"இல்ல, இதுல அந்தப் பல்லு சரியா தெரியல," என்றான். "இன்னொண்ணு கடிங்க."