தகட்டுக்கு அடித்த நீலம்

என் கணவர் கல்யாணராமனுக்கு அழுக்கு ஆகாது. கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடைத்த கோடவுனை வைத்துக்கொண்டு அழுக்கு ஆகாது என்றால் எப்படி என்று கேட்காதீர்கள். வருஷம் முழுக்க அங்கே எலி ஓடும். ஆயுத பூஜை வந்தால் மட்டும் தராசுத் தட்டில் முகம் பார்க்கலாம்.

ஊர் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து சில வருஷங்களுக்கு முன்பு இவர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். சாயங்காலம் டூரிஸ்டுகளைக் காயலில் அழைத்துப் போய்ச் சூரியன் மறைவதைக் காட்டுகிற வேலை. படகு இவர் பேரில். வேலை என் தம்பி வெங்கிட்டு தலையில்.

வெங்கிட்டு பிறந்த அன்று அப்பாவின் கடையில் தீப்பிடித்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு எந்தப் பழம் விழுந்தாலும் அந்தக் காக்கையைத்தான் தேடினார்கள். பால் திரிந்தால் வெங்கிட்டு. பஸ் தவறினால் வெங்கிட்டு. இரண்டு கல்யாணம் பேச்சோடு நின்று போனது. ராசியில்லாதவன் என்று பேர் வைத்தார்கள். அவனும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இந்தப் படகில் ஏறித்தான் அவன் தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன். காற்று மாறுவதற்கு முன்பே பாயைத் திருப்பிவிடுவான். டூரிஸ்டுகள் கை தட்டுவார்கள். அவர்களில் ஒருவர்கூட அவன் ஜாதகத்தைக் கேட்டதில்லை.

போன ஆயுத பூஜைக்குப் படகை, ரிப்பேர் பண்ணுகிற யார்டில் கரையேற்றினார் இவர். தராசுக்கும் டெம்போவுக்கும் உண்டென்றால் படகுக்கும் உண்டு. சுரண்டி, தேய்த்து, அடிப்பாகம் முழுக்க நீலப் பெயிண்ட். வெங்கிட்டு மாலை வாங்க பிராட்வே மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். படகின் அடியில் இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு, களிம்பேறிப் பச்சையாக இருந்தது. பெயிண்டர் அதைக் காட்டி, "சாரே, இதுல மட்டும் முன்னாடி பெயிண்டே இல்லா. விட்டுடட்டே?" என்று கேட்டார்.

"பூஜைக்கு வெக்கற சாமான்ல களிம்பு இருக்கப்படாது. ரெண்டு கோட் அடிங்கோ" என்றார் இவர்.

"அந்த வெள்ளைக்காரர் எதுக்கோ விட்டு வெச்சதாயிருக்கும்."

"வெள்ளைக்காரருக்கு ஆயுத பூஜை உண்டா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நீலம் காய்ந்ததும் அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

துலாம் மாசம், நம்ம ஐப்பசி, பிறந்தால் இங்கே மத்தியானத்துக்கு மேல் இடிதான். ஒருநாள் அப்படி வானம் கறுத்ததும், ஜெட்டிக்குத் தள்ளிக் கட்டியிருந்த படகில் மழைத்தண்ணீர் இறங்காமல் மூடிவிட்டு வருகிறேன் என்று வெங்கிட்டு போனான். கோடவுனின் பின்வாசல் காயலைப் பார்த்துத்தான் திறக்கும். அங்கே நின்றிருந்தேன். பாய்மரத்தின் உச்சியில் வெள்ளையாக ஒன்று இறங்கியது. காது அடைத்துப்போய், என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை.

உச்சியில் இருந்த ஆன்டெனா இருந்த இடம் தெரியவில்லை. உள்ளே வயர், ரேடியோ எல்லாம் கருகிவிட்டன. தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் படகின் உடம்பு அங்கங்கே பொத்தலாகித் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கம்பிக்கயிற்றைப் பிடித்திருந்த வெங்கிட்டுவின் வலது கை வெந்துபோனது. அவன் நீந்திக் கரைக்கு வந்திருக்கலாம். வரவில்லை. பொத்தலில் துணியைத் திணித்து, இடது கையால் பக்கெட்டில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தான். மீன்பிடி வள்ளக்காரர்கள் வந்து கட்டி இழுக்கும்வரை இறைத்தான். அவன் குதித்திருந்தால் படகு காயலுக்கு அடியில் கிடக்கும்.

ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நான் ஏறினதுனாலயாக்கும் அக்கா. இத்தனை படகு நிக்கறது, எல்லாத்தையும் விட்டுட்டு இதுல விழுந்துதே."

இவர் மறுக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் பெருமூச்சோடு, "அவன் நேரம், என்ன பண்றது" என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது இரண்டும் எங்கள் வீட்டு ஹாலிலேயே இருந்தது. எனக்கு அது அப்போது தெரியாது.

அடுத்த வாரம் யார்டில் தெரிந்தது. இன்ஷூரன்ஸுக்காகப் படகைப் பார்க்க வந்த சர்வேயர் அம்ருதா, பாலக்காட்டுப் பெண், அடியில் குனிந்து அந்தத் தகட்டை நகத்தால் சுரண்டினாள்.

"இதுக்கு யார் பெயிண்ட் அடிச்சா? மின்னல் பாய்மரத்துல இறங்கி, கம்பி வழியா இந்தத் தகட்டுக்கு வந்து தண்ணிக்குப் போகணும். அதுக்குத்தான் இது. மூடிட்டா அது வேற எங்கயாவது உடைச்சுண்டுதான் வெளியே போகும். உள்ளே இருந்தவர் பொழைச்சது பாக்கியம்."

"யார்டுக்காரா யாராவது அடிச்சிருப்பா" என்றார் இவர். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னேன்: "இன்னிக்கே வெங்கிட்டுகிட்ட சொல்லிடுங்கோ. இனிமே படகுல கால் வெக்க மாட்டேன், பாலக்காட்டுல எங்க அண்ணா நடத்தற மெஸ்ஸுக்குப் போறேன்னு பெட்டி கட்டறான். இதைக் கேட்டா நின்னுடுவான்."

"சொல்றேன்டி. எனக்குத் தெரியாதா?"

ராத்திரி சாதம் பிசைந்துகொண்டே சொன்னார்: "சர்வேயர் வந்து பாத்துட்டுப் போயிட்டா, வெங்கிட்டு. இடின்னா இடிதான், யாரை என்ன சொல்றது." வெங்கிட்டு தலையைக் குனிந்துகொண்டான். என் கையிலிருந்த ரசக் கரண்டியை அவர் தலையில் போட்டால் என்ன என்று தோன்றியது. அவராகச் சொல்லட்டும் என்று விடியும்வரை பொறுத்தேன். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் புத்தி வரவில்லை எனக்கு.

காலையில் வெங்கிட்டு பெட்டியோடு நின்றபோது நானே சொல்லிவிட்டேன். தகடு, நீலம், ரெண்டு கோட், அம்ருதா சொன்னது, எல்லாம். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, அழுகிற குழந்தையைச் சமாதானம் பண்ணுகிறவன் மாதிரி சிரித்தான்.

"எனக்காக நீ சொல்றே அக்கா. அப்படி ஒண்ணு இருந்தா அத்திம்பேர் சொல்லிருப்பாரே. என்கிட்ட மறைக்கற மனுஷனா அவர்?"

ஹாலில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுகிற தூரம்தான். நான் அவரையே பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

அவர் பேப்பரை மடித்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சே, வெங்கிட்டு. வா, நானே கொண்டு விடறேன்" என்றார்.

வெங்கிட்டுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இவ்வளவுக்கப்பறமும்..." என்றான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் காலில் விழுந்து நமஸ்காரம் பண்ணினான்.

இவர் அவன் தலையில் கையை வைத்து, "க்ஷேமமா இரு" என்று ஆசீர்வாதம் பண்ணினார்.